மாமாயனும் மாதவனும்

திருப்பாவை 9ஆம் பாசுரத்தில் மாமாயன் என்னும் திருநாமத்தை அடுத்து மாதவன் என்னும் திருநாமம் நிற்கிறது. இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றே. ஏட்டிலும் அச்சிலும் வேற்றுமை சிறிதுமில்லை. ஆயினும் முன்னதிலுள்ள மா தமிழ், பின்னதிலுள்ள மா வடசொல். முன்னது பெருமையைச் சொல்லும் உரிச்சொல். பின்னது பெரிய பிராட்டியாருக்குத் திருநாமம். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பொருளுரைக்கும் வழக்கம் அண்மைக்காலத்து உபந்யாஸங்களிலும் சிறு வெளியீடுகளிலும் பெருகி வருகிறது. ஒரு சாரார் அருளிச்செயலில் மா வருமிடமெல்லாம் லக்ஷ்மியைக் காண்கிறார்கள். மற்றொரு சாரார் மாதவன் என்பதையும் பெருந்தவமுடையான் என்று பிரித்துத் தனித்தமிழாக்கிவிடுகிறார்கள். முன்னவரைப் பக்தி வழுக்குகிறது. பின்னவரை மொழிப்பற்று வழுக்குகிறது.

தமிழில் மா என்பது ஒரு சொல்லன்று, பல சொற்கள். நன்னூலார் எண்ணிய நாற்பத்திரண்டு ஓரெழுத்தொருமொழிகளுள் மகர வரிசையில் ஆறு உண்டு. அவற்றுள் இஃது ஒன்று. விலங்கு, குதிரை, மாமரம், கருமை, பெருமை என்று இதன் பொருள் விரியும். தொல்காப்பியனார் மரத்தைச் சொல்லும் மாவையும் விலங்கைச் சொல்லும் மாவையும் புணர்ச்சியாலேயே பிரித்துக் காட்டினார்: மரமாயின் மெல்லெழுத்து மிகும், விலங்காயின் னகரம் ஒற்றும். ஒலி ஒன்றாயினும் சொல் வேறு என்பதை இலக்கணமே இங்ஙனம் காவல் செய்துள்ளது. இருபதில் ஒரு பங்கும் மா. இருபது மா கொண்டது ஒரு வேலி. கோயில் நிலத்தின் சாஸனத்தில் வரும் மாவுக்கு லக்ஷ்மி என்று பொருளுரைத்தால் கணக்குப்பிள்ளை ஒப்புவதில்லை. பாசுரத்தில் மட்டும் அதை எவரும் தடுப்பதில்லை.

மாமலராள் என்னுமிடத்தில் மா மலருக்கு அடை. சிறந்த மலரை இருப்பிடமாக உடையவள் என்பது பொருள். அவள் பிராட்டியே, ஆனால் பிராட்டி என்னும் பொருள் தொடர் முழுவதாலும் கிடைக்கிறதேயன்றி முதலெழுத்தால் கிடைப்பதன்று. அங்கே மாவையும் லக்ஷ்மியாக்கினால் சொன்னதையே சொல்லும் குற்றம் ஆழ்வார் மேல் ஏறும். பெருமைப் பொருள் தரும் தமிழ் மா, மஹா என்பதன் சிதைவு என்பாரும், மஹா என்பதே தமிழ் மாவினின்று பிறந்தது என்பாரும் உளர். இரண்டும் ஒலியொப்புமை கொண்டு கட்டியவை. மஹா என்பதற்கு மஹத், மஹிமா எனத் தன் குடும்பம் வடமொழியிலேயே உண்டு. தமிழ் மாவுக்கும் மாண், மாட்சி என உறவு சொல்லத் தமிழிலேயே இடமுண்டு. மாமுனி போன்ற தொடர்களில் மட்டும் எது எது என்று அறுதியிடல் அரிது.

இனி மாதவன். வடமொழியில் தவன் என்பதற்குக் கணவன் என்று பொருள். அங்கே தகரம் வர்க்கத்தின் நான்காம் எழுத்து. தபஸ் என்பதினின்று வந்த தவத்திலோ அது முதலெழுத்து. தமிழ் எழுத்து இவ்வேற்றுமையைக் காட்டாது. பெரியாழ்வார் ஸாந்தீபினியை மாதவத்தோன் என்றபோது பெருந்தவத்தையே கருதினார் என்பதில் ஐயமில்லை. அந்தச் சொல்லைச் சான்றாக்கி எம்பெருமானின் திருநாமத்தையும் அவ்வாறே பிரிப்பதுதான் பிழை. மது குலத்தில் தோன்றியவன் என்ற பொருளும் மாதவ பதத்துக்கு உண்டு. ஸஹஸ்ரநாமத்தில் இத்திருநாமம் மூன்று முறை வருகிறது; சங்கரர் ஓரிடத்தில் திருமகள் கேள்வன் என்றும், ஓரிடத்தில் வித்யைக்குப் பதி என்றும், ஓரிடத்தில் மது குலத்தோன் என்றும் உரைத்தார். ஆக, எந்தப் பொருள் என்பதை இடமே சொல்லவேண்டும். திருப்பாவையில் மாமாயன், மாதவன், வைகுந்தன் என்ற அடைவில் ஸௌலப்யமும் ச்ரிய:பதித்வமும் பரத்வமும் காண்பது ஸம்ப்ரதாய வழக்கு. நடுவிலுள்ளதைப் பெருந்தவத்தான் என்றால், எளிமைக்கும் மேன்மைக்கும் இடையே பிராட்டி நிற்கும் நிலை போய்விடும். உறங்குகிறவளை எழுப்ப வந்தவர்கள் புருஷகாரபூதையை விட்டுவிட்டு நாமம் சொன்னார்களாக முடியும்.

அப்படியாயின் நேர்ப்பொருளைக் கடந்து மாவில் லக்ஷ்மியைக் காண்பது எங்குமே தகாதோ எனில், தகும் இடம் உண்டு. ஸ்ரீராமாயண பாலகாண்டம் இரண்டாம் ஸர்க்கத்தில் வேடனை நோக்கி வால்மீகி சொன்ன சுலோகம் மா என்று தொடங்குகிறது. நேர்ப்பொருளில் அது விலக்கு: நீ நிலைபெறாதே என்ற சாபம். கோவிந்தராஜர் அடுத்த பதத்தோடு அதைக் கூட்டி மாநிஷாத என்று ஒரே விளியாக்கி, திருமகள் உறைகின்றவனே என்று மங்களாசாஸனமாகவும் பொருள் கண்டார். இது வெறும் சாதுரியமன்று. விலக்குப் பொருளுடைய மாங் வருமிடத்தில் லுங் வரும் என்பது பாணினியின் விதி (3.3.175), அப்போது வினையின் அட் ஆகமம் நீங்கும் என்பது மற்றொரு விதி (6.4.74). இந்தச் சுலோகத்திலோ அகம: என்று ஆகமம் நீங்காமல் நிற்கிறது. சாபமாகக் கொள்வார் இதற்கு ஸமாதானம் தேடியே ஆகவேண்டும். நீ நிலைபெற்றாய் என்று கொண்டாலோ ஆகமம் தன்னிடத்தில் தானே அமைகிறது. சரமச்லோகத்தின் ஈற்றில் சோகத்தை விலக்கும் மாவின் பின் வினை ஆகமமின்றி நிற்பதை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

ஆனாலும் கோவிந்தராஜரின் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, வால்மீகி சபிக்கவேயில்லை என்று சொல்வாருடைய கூற்று ஏற்கத்தக்கதன்று. பறவை வீழ்ந்ததும், பேடு கதறியதும், முனிவர் நெஞ்சு உருகியதும், சொன்னபின் தாமே அதை எண்ணி எண்ணி வருந்தியதும் அந்த ஸர்க்கத்திலேயே உள்ளன. சாபம் இல்லையேல் அந்த வருத்தத்துக்கு இடமில்லை. முதற்பொருளை அழித்துவிட்டு இரண்டாம் பொருளை நாட்டுவது வ்யாக்யானமாகாது.

தெலுங்கில் மா என்பது எங்கள் என்று பொருள்படும். முன்னிலையானைச் சேர்க்காத எங்கள். தியாகராஜரின் காம்போதிக் கீர்த்தனம் ஒன்று மா ஜானகி என்று தொடங்குகிறது. தமிழ்ச் செவி அதைப் பெருமைமிக்க ஜானகி என்றோ, வடக்கத்திய வழக்கை ஒட்டி ஜானகி மாதா என்றோ கொள்வதுண்டு. இரண்டும் குற்றமற்ற பக்தியே. ஆனால் பாட்டின் சுவை போயிற்று. எங்கள் ஜானகியின் கையைப் பற்றியதாலன்றோ நீ மஹாராஜனானாய் என்று பெண்வீட்டார் நின்று பேசும் உரிமை அந்த ஓரெழுத்தில் இருக்கிறது. ஜனகன் மகளை உடையவனாகையால் அவன் தேஜஸ்ஸு அளவிடற்கரியது என்று மாரீசன் ராவணனிடம் சொன்னதும், ஸ்ரீகுணரத்னகோசத்தில் பட்டர் பிராட்டியின் ஸம்பந்தத்தால் எம்பெருமானுக்கு ஏற்றம் பேசியதும் இதே கருத்தை உடையவை. தியாகராஜர் அதை லக்ஷ்மி என்று பொருள்படும் மாவால் சொல்லவில்லை. எங்கள் என்னும் மாவால் சொன்னார்.