ஆறுதல் விற்காத பாதிரியார்

"இன்று எக்காளமிடுகிறாய், இருக்கட்டும்! நோய் வந்து படுக்கையில் கிடத்தும் நாள் ஒன்று வரும். பெற்ற பிள்ளை கண்முன்னே துடிக்கும் நாள் ஒன்று வரும். அன்று உன் பகுத்தறிவு பக்கத்திலே நிற்காது; பரமனே என்றுதான் உன் வாய் பதறும்!"

பகுத்தறிவு பேசுவோர் மீது ஓயாமல் ஏவப்படும் கணை இது. கோயில் வாயிலிலும் கேட்கலாம், மாதா கோயில் மேடையிலும் கேட்கலாம். வாதத்திலே வெல்ல வகையற்றோர், வரப்போகும் துன்பத்தை வக்கீலாக அமர்த்திக்கொள்ளும் விந்தை! துன்பம் வந்தால் மனிதன் அலறுகிறான் — உண்மை. யார் மறுத்தார்கள்? ஆனால் அலறல் எழுந்தது என்பதனாலேயே, அதைக் கேட்க மேலே ஒரு செவி இருக்கிறது என்று ஆகிவிடுமா? தாகத்தால் தவிப்பவன் கண்ணுக்குக் கானல் தெரிகிறது. அவன் தாகம் மெய், தண்ணீர்?

கிறித்தவ உலகிலே இந்த வாதத்திற்குச் சான்றாக அடிக்கடி நீட்டப்படும் ஏடு ஒன்று உண்டு. ஜெர்மன் நாட்டுப் பாதிரியார் டீட்ரிக் போன்ஹோஃபர், ஹிட்லரின் சிறையிலிருந்து எழுதிய கடிதங்கள். அவருடைய நண்பர் எபர்ஹார்ட் பெத்கே தொகுத்து 1951-ல் வெளியிட்டார். 1953-ல் ஆங்கிலத்தில் வந்தது, உலகெங்கும் பரவியது. 'பாருங்கள், தூக்குமேடை வரையிலும் விசுவாசம் அவரைத் தாங்கியது' என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். முழங்குவோர் அந்த ஏட்டை முழுதும் படித்தார்களா என்பதே நம் ஐயம். படித்திருந்தால், சில பக்கங்களைப் பசை போட்டு ஒட்டிவிட்டுத்தான் மேடைக்கு எடுத்துவந்திருப்பார்கள்.

யார் இந்த மனிதர்? 1906-ல் பிறந்தவர். தந்தை பெர்லினில் பெயர் பெற்ற மனநோய் மருத்துவப் பேராசிரியர். 1933-ல் ஹிட்லர் அரியணை ஏறியதும், யூதக் குருதி உள்ளோர் பணியில் இருக்கலாகாது என்ற ஆரிய விதியை, அவ்வாண்டு செப்டம்பரிலே புருஷியத் திருச்சபையே கூடி ஏற்றுக்கொண்டது. அதற்கு ஐந்து திங்களுக்கு முன்பே போன்ஹோஃபர் எழுதிவிட்டார்: அரசின் கொடுமைக்கு ஆளானோருக்கு மருந்திடுவதோடு திருச்சபையின் கடமை முடிந்துவிடாது, கொடுமையையே மறித்து நிற்க வேண்டிய வேளையும் வரலாம் என்று. திருச்சபை மறிக்கவில்லை. அவர், இராணுவ உளவுத்துறைக்குள்ளேயே இயங்கிய எதிர்ப்பணியினரோடு சேர்ந்தார். 1943 ஏப்ரல் 5-ல் கைதானார். பெர்லின் டேகல் சிறையில் பதினெட்டுத் திங்கள். பின்னர் கெஸ்டபோவின் நிலவறை. 1945 ஏப்ரல் 9-ல் ஃபிளோசன்பூர்க் முகாமில் தூக்கு. அப்போது வயது முப்பத்தொன்பது. ஹிட்லர் மாண்டது அதற்கு மூன்றே வாரம் கழித்து!

இந்த வரலாற்றைக் கேட்டுக் கண் கலங்காதவன் பகுத்தறிவாளன் அல்ல, வெறும் கல். கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏட்டைப் படிப்போம்.

சிறை சென்ற முதல் நாட்களில் அவரை நாயினும் கீழாக நடத்தினார்கள். பிறகு திடீரென்று காவலரின் குரலிலே குழைவு! தேவதூதன் வந்தானா? இல்லை. பெர்லின் நகரப் படைத்தலைவர் ஜெனரல் பால் ஃபன் ஹாசே அவருடைய மாமன் முறை என்ற செய்தி சிறைக்குள் கசிந்துவிட்டது. இதைப் பகைவர் சொல்லவில்லை. அவரே எழுதிவைத்திருக்கிறார், வெட்கத்தோடு எழுதிவைத்திருக்கிறார். கூடுதல் உணவு கொடுக்க முன்வந்தபோது, பிற கைதிகளின் வயிற்றிலடித்து வருவது அது என்று மறுத்ததையும் எழுதியிருக்கிறார். பக்தர்கள் பாடும் சரித்திரங்களிலே மாமன்கள் வருவதில்லை, அற்புதங்கள்தாம் வரும். நாணயமுள்ளவன் எழுதினால்தான் மாமன் வருகிறான்.

இனி, நம் நெஞ்சை நிறுத்திப் படிக்க வேண்டிய கடிதம். 1944 சனவரி இறுதியில் எழுதப்பட்டது. விண்ணிலே விமானங்கள், மண்ணிலே குண்டுமாரி, சிறைக் கட்டடமே நடுங்குகிறது. எல்லோரும் தரையோடு தரையாகக் கிடக்கிறார்கள். பக்கத்திலே ஒருவன், மற்ற நாட்களில் எதையும் பொருட்படுத்தாமல் கேலி பேசித் திரிபவன், 'கடவுளே, கடவுளே' என்று கதறுகிறான்.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! நம்மை மிரட்டுவோர் சொல்கிற அந்த நாள் இதுதான், அந்த வேளை இதுதான். விளையாட்டுப் பிள்ளையின் வாயிலே வேதனை வந்து கடவுள் பெயரை ஊட்டிவிட்டது. அருகிலே படுத்திருப்பவரோ பாதிரியார். அதுவும் பட்டம் பல பெற்ற பாதிரியார். வலை விரிக்க இதைவிட ஏற்ற வேளை வாய்க்குமா? அவன் தோளைத் தொட்டு, 'மகனே, மனந்திரும்பு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா?

சொல்லவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், இன்னும் பத்து நிமிடத்துக்கு மேல் இது நீடிக்காது என்றார். அவ்வளவுதான். நண்பருக்கு எழுதும்போது அதற்குக் காரணமும் கூறுகிறார்: அச்சத்தால் நொறுங்கிக் கிடப்பவனிடம் மதத்தைக் கொண்டுபோய்ப் பணயம் பறிப்பதுபோல் நடக்கக் கூடாது என்று தன் உள்ளம் உணர்ந்திருக்கக்கூடும் என்கிறார். ஏசுவும் தம்மோடு சிலுவையில் தொங்கிய கள்வரிடம் மதப் பிரசாரம் செய்யவில்லையே என்றும் நினைவூட்டுகிறார்.

பத்து நிமிடம்! அந்த நடுக்கத்திலே கிடந்தவனுக்குப் பரலோகக் கணக்கு உதவாது. கடிகாரக் கணக்கு உதவும். பொய் கலவாத ஆறுதல் அது. எவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கிற ஆறுதல். அதோடும் நின்றாரில்லை. குண்டுவீச்சின்போது சிறையிலே காயம்பட்டோர் படும் பாட்டையும், மருத்துவ வசதிக் குறைவையும் எடுத்துக்காட்டி, இன்னின்ன செய்ய வேண்டும் என்று அறிக்கை எழுதித் தந்தார். கட்டுத்துணி வேண்டும் என்று கேட்பது மன்றாட்டைவிடத் தாழ்ந்த செயல் என்று அவர் கருதவில்லை.

இந்த நடத்தைக்கு அடியிலே ஒரு கருத்து இருக்கிறது. அந்தக் கருத்துத்தான் மேடைப் பேச்சாளர்களுக்கு வேம்பு. 1944 மே 29-ல் எழுதிய கடிதத்தில், வைட்செக்கர் எழுதிய இயற்பியல் நூலைப் படித்துவிட்டுச் சிந்திக்கிறார். மனித அறிவுக்கு எட்டாத இடமெல்லாம் கடவுளின் இடம் என்று சொல்லிவந்தோம். அறிவு வளர வளர அந்த இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. ஓட்டைக்கு அடைப்பாகக் கடவுளைப் பயன்படுத்துவது தவறு என்கிறார். அறிவியலில் மட்டுமல்ல, சாவு, நோய், குற்ற உணர்வு ஆகியவற்றிலும் தவறு என்கிறார். மனிதன் வலுவோடு வாழும்போது வெளியே நிறுத்திவிட்டு, வலுவிழந்து வீழும்போது மட்டும் உள்ளே அழைத்துவரும் கடவுள் அவருக்கு வேண்டாம்.

ஜூன் 8-ல் எழுதியது இன்னும் கூர்மையானது. நலமாக வாழ்பவனிடம் போய், 'நீ நலமாக இல்லை, உனக்குள்ளே ஒரு நோவு இருக்கிறது, நீதான் அறியவில்லை' என்று அவனை நம்பவைத்து, பிறகு மருந்தை நீட்டுகிறார்களே, அந்த முறையைச் சாடுகிறார். உலகம் வயது வந்த பிள்ளையாகிவிட்டது. அதை மீண்டும் தொட்டிலுக்குத் தள்ளப் பார்ப்பது பயனற்றது, பண்பற்றது, கிறித்தவமும் அற்றது என்பது அவர் வாதம். மதவாணரைவிட மதமற்றோரிடம்தான் தன் மனம் எளிதாக ஒட்டுகிறது, மதவாணர் நடுவே கடவுள் பெயரைச் சொல்லவே கூசுகிறது என்று ஏப்ரல் 30-ல் எழுதியவரும் அவரே.

இவ்வளவையும் எழுதிய கை, அன்றாடம் செபமும் செய்தது, சங்கீதங்களைப் படித்தது. அதை மறைப்பது நமக்கு அழகன்று. அவர் நம்மவர் அல்லர். நம் பட்டியலில் அவரைச் சேர்க்க ஆசைப்படும் இளைஞர்கள் அந்த ஆசையை விட்டுவிடலாம்.

அவரோடு நாம் பிரிகிற இடம் ஜூலை 16-ஆம் நாள் கடிதம். கடவுள் என்ற கருத்தின் துணையில்லாமலே உலகில் வாழக் கற்க வேண்டும் என்று துணிவோடு கூறுகிறார். கூறிவிட்டு, எல்லாம் வல்லவர் என்ற மகுடத்தைக் கடவுளின் தலையிலிருந்து இறக்கி வைக்கிறார். அவர் காட்டும் கடவுள் வலுவற்றவர், சிலுவையிலே துன்புறுபவர், துன்புறுவதனாலேயே துணைநிற்பவர். குண்டைத் தடுக்க அவரால் இயலாது என்று ஒப்புக்கொண்ட அளவில் இது நேர்மை. ஆனால், தடுக்க இயலாத ஒருவர் சிறையறையில் உடனிருப்பதற்கும், எவரும் இல்லாதிருப்பதற்கும் என்ன வேற்றுமை? துன்புறுவோர் பக்கம் நிற்பது, அதுவே கடவுளின் துன்பத்திலே பங்கு பெறுவது என்கிறார். துன்புறுவோர் பக்கம் நிற்க மனிதன் போதாதா? இந்தக் கேள்விக்குக் கடிதங்களிலே விடை இல்லை. தன் அன்பை விளக்குகிறார், மெய்ப்பிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. விசுவாசம் துன்பத்தில் தாங்கியது என்பதே அதன் உண்மைக்குச் சான்றானால், அது யாரையெல்லாம் தாங்கியது என்றும் கேட்க வேண்டும். 'கடவுள் நம்மோடு' என்று பொறித்த இடைவார்ப் பூட்டை அணிந்துதான் ஹிட்லரின் தரைப்படை அண்டை நாடுகளுக்குள் புகுந்தது. அந்தச் சிப்பாயும் பதுங்குகுழியில் செபித்தான், ஆறுதல் பெற்றான். தூக்கிலேறியவனுக்கும் துப்பாக்கி ஏந்தியவனுக்கும் ஒரே ஆறுதல் கிடைக்குமானால், அந்த ஆறுதலை வைத்து மெய்யையும் பொய்யையும் எப்படிப் பிரிப்பது? 1945 அக்டோபரில் ஸ்டுட்கார்ட் நகரில் ஜெர்மன் திருச்சபைத் தலைவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு அறிக்கை விட்டார்கள். அந்த அறிக்கையிலே யூதர் என்ற சொல்லே இல்லை.

போன்ஹோஃபரோ, செபித்துக்கொண்டே தப்பி ஓடவும் திட்டமிட்டவர். 1944 செப்டம்பரில் ஒரு காவலரின் துணையோடு வெளியேற ஏற்பாடாயிற்று; தொழிலாளி உடுப்பையும் பணத்தையும் குடும்பத்தார் சேர்த்துக் கொடுத்தார்கள். அண்ணன் கிளவுஸ் கைதானதும், தான் ஓடினால் அண்ணனுக்கும் மற்றவருக்கும் ஆபத்து என்று திட்டத்தைக் கைவிட்டார். அண்ணனையும் ஏப்ரலிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

மேடைகளிலே மிகுதியாகச் சொல்லப்படும் காட்சி எது தெரியுமா? தூக்கிலிடுமுன் அவர் மண்டியிட்டு மன்றாடினார், அமைதியாகப் படியேறினார், சில நொடிகளில் உயிர் பிரிந்தது என்பது. அதைச் சொன்னவர் யார்? முகாமிலிருந்த எஸ்.எஸ். மருத்துவர், சொன்னது பத்தாண்டு கழித்து, 1955-ல்! அந்த முகாமிலே தூக்கு அவ்வளவு விரைவாக முடிவதில்லை, அவர் சொன்ன படிகளும் அங்கே இல்லை என்று ஆராய்ந்தோர் ஐயம் எழுப்பியிருக்கிறார்கள். கொலைக்களத்திலே வெள்ளையங்கி அணிந்து நின்றவனுக்குக் கொலை வலியற்றதாக இருந்தது என்று சொல்லிக்கொள்ளத் தேவை இருந்தது. கேட்டவர்களுக்கோ அழகான மரணம் ஒன்று தேவைப்பட்டது. இரண்டு தேவைகளும் கைகோத்துக்கொண்டன.

கெஸ்டபோ நிலவறையிலிருந்து 1944 டிசம்பரில், தான் மணக்கவிருந்த மரியாவுக்கு அனுப்பிய கவிதையின் கதியும் இதுவே. இசையமைக்கப்பட்டு ஜெர்மன் கோயில்களிலே பாடப்படுகிறது. ஏழு பத்திகளுள் கடைசிப் பத்தி மட்டும் இரங்கல் அட்டைகளில் அச்சாகிறது. கசப்பு நிறைந்த கிண்ணத்தைப் பற்றிய நடுப்பத்தியை அட்டை தாங்குவதில்லை. அவ்வாண்டுக் கோடையில் எழுதிய வேறொரு கவிதையும் உண்டு. பிறர் கண்ணுக்குத் தான் நிமிர்ந்து நடப்பதாகத் தெரிவதையும், உள்ளேயோ கூண்டுப் பறவைபோல் ஓய்ந்து நடுங்குவதையும் எதிரெதிரே நிறுத்தி, இரண்டில் தான் யார் என்று கேட்கும் கவிதை. சிறை புகுந்த தொடக்க காலத்தில் கிறுக்கிய துண்டுத்தாளில் தற்கொலை என்ற சொல்கூட இருக்கிறது.

அவற்றையும் சேர்த்துத்தான் அந்த ஏட்டைப் படிக்க வேண்டும். முழுதும் படிக்க நேரமில்லை என்பவர்கள், 1944 ஏப்ரல் இறுதிக் கடிதத்திலே தொடங்கி ஜூலை 21-ஆம் நாள் கடிதம் வரையில் படியுங்கள். அந்தக் கடைசிக் கடிதம், ஹிட்லரைக் கொல்ல வைத்த குண்டு அவனைக் கொல்லாமல் போன மறுநாள், இனி தன் உயிர் தப்பாது என்று அறிந்த ஒருவர் எழுதியது.