சந்தேகத்துக்குள் ஒரு தேகம்

தனித்தமிழ் இயக்கத்தின் கதையைச் சொல்பவர்கள் பல்லாவரத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த வேதாசலம் 1911இல் அந்த வேலையிலிருந்து விலகிப் பல்லாவரத்தில் குடியேறினார். 1916இல் ஒருநாள் மகள் நீலாம்பிகையிடம் வள்ளலார் பாட்டொன்றைப் பற்றிப் பேசும்போது, அதில் வரும் ‘தேகம்’ என்ற வடசொல்லின் இடத்தில் ‘யாக்கை’ இருந்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்றாராம். அதன்பின் வேதாசலம் தம் பெயரையும் தமிழாக்கி மறைமலையடிகள் ஆனார். அவர் நடத்திய ‘ஞானசாகரம்’ ‘அறிவுக்கடல்’ ஆனது. முன்பு எழுதிய நூல்களையும் பின்வந்த பதிப்புகளில் வடசொல் களைந்து திருத்தினார்.

அந்தத் திருத்தத்தை இன்று வேர்டில் செய்து பார்ப்போம். ‘தேகம்’ எனத் தேடி ‘யாக்கை’ என மாற்றும்படி ஃபைண்ட்-ரீப்ளேஸுக்குக் கட்டளையிடுகிறோம். முதல் சறுக்கல், வள்ளலாரின் அந்தப் பாட்டிலேயே நேர்கிறது. அங்கே சொல் ‘தேகத்தை’ என்று உருபேற்று நிற்கிறது. மகரம் கெட்டு அத்துச் சாரியை வந்துவிட்டதால் கணினி அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். இரண்டாவது சறுக்கல் இன்னும் மோசம். கோப்பில் எங்கெல்லாம் ‘சந்தேகம்’ இருக்கிறதோ, அங்கெல்லாம் அதன் வாலில் ஒரு ‘தேகம்’ ஒளிந்திருக்கிறது. ஒரே சொடுக்கில் அத்தனையும் ‘சந்யாக்கை’ ஆகிவிடும். ‘முழுச்சொல் மட்டும்’ என்று தேடினால் சந்தேகம் பிழைக்கும். ஆனால் தேகத்தை, தேகமும், தேகத்தின் ஆகியவற்றில் ஒன்றுகூட அகப்படாது.

தமிழ் எழுத்தாளரின் கணினிப் பழக்கத்தை எடைபோட இதைவிட நல்ல சோதனை வேண்டாம். எழுத்தை உள்ளே செலுத்தும் வேலையைக் கணினி நமக்கு முழுமையாகச் செய்து கொடுத்துவிட்டது. திருத்தும் வேலையிலும் காக்கும் வேலையிலும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறது. நம் பழக்கங்களோ கிணற்றை முழுதாகத் தாண்டிவிட்ட நினைப்பில் அமைந்திருக்கின்றன.

முதலில் வரவைச் சொல்லிவிட வேண்டும். மறைமலையடிகள் தம் நூல்களைத் தாம் விரும்பியபடி அச்சிடப் பல்லாவரத்தில் தமக்கென ஓர் அச்சகமே வைத்திருந்தார். எல்லா எழுத்தாளருக்கும் அது கைகூடும் காரியமல்ல. கையெழுத்துப் பிரதி அச்சுக்கோப்பவர் கைக்குப் போய், பிழையோடு திரும்பி வருவதே பல பத்தாண்டுகளாக நடைமுறை. 1985இல் மலேசியாவின் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ கொண்டு வந்தார். பிறகு ‘அழகி’, ‘இ-கலப்பை’, ‘என்எச்எம் ரைட்டர்’ வந்தன. இவற்றில் இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. என்எச்எம் ரைட்டரில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு (ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் பெறுவது), பழைய தட்டச்சு, பாமினி என்று யாருக்குப் பழகியது எதுவோ அதை வைத்துக்கொள்ளலாம். தட்டச்சுப் பயிலகத்தில் ‘லோயர்’, ‘ஹையர்’ தேர்வு எழுதித் தேறியவர் விரல் பழக்கத்தை மாற்றாமலே கணினிக்கு வர முடிந்தது. தன் பிரதியைத் தானே தட்டி, தானே படித்து, தானே அனுப்பும் உரிமை தமிழ் எழுத்தாளருக்குப் பரவலாகக் கிடைத்தது. இது சிறிய விடுதலை அல்ல.

ஆனால் அந்த உரிமையை எந்த வழியில் பயன்படுத்துகிறோம் என்பதில் சிக்கல் தொடங்குகிறது. தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிர் இடக்கைப் பக்கம், மெய் வலக்கைப் பக்கம். ஒரே மெய்யெழுத்து விசையை இருமுறை தட்டினால் முதலெழுத்துக்குப் புள்ளி தானே விழும். ‘ங’வை அடுத்து ‘க’ தட்டினாலும் அப்படியே. ‘தங்கம்’ என்ற சொல்லுக்கு ஐந்து தட்டல் போதும். ஆங்கில எழுத்து வழியே போனால் அதே சொல்லுக்கு ஏழெட்டு ஆகும். ண, ள, ற போன்றவற்றுக்கு ஷிஃப்ட் விசையை வேறு அழுத்த வேண்டும். நாவல் எழுதுகிறவருக்கு இந்த வேறுபாடு லட்சக்கணக்கான தட்டல்களாகப் பெருகும்.

அப்படியிருந்தும் பெரும்பாலோர் ஆங்கில எழுத்து வழியையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கில விசைப்பலகை விரலுக்குப் பழகியிருக்கிறது. புதிதாக ஒன்றைக் கற்கப் பொறுமை இல்லை. 2013இல் ஜெயமோகன், தமிழை ஆங்கில எழுத்துகளிலேயே எழுதலாமே என்று நாளிதழ் கட்டுரையில் கேட்டபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்களில் எத்தனை பேர் அந்த எதிர்ப்பையே ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக்கினார்கள் என்று கேட்டால் சங்கடமாக இருக்கும். இதை மொழித் துரோகமாக்க வேண்டியதில்லை. திரையில் வருவது தமிழ்தான். இது உழைப்புக் கணக்கு. எப்போதாவது எழுதுகிறவருக்கு ஒலிபெயர்ப்பு போதும். நாள்தோறும் எழுதிப் பிழைக்கிறவர் சில வாரம் தட்டுத்தடுமாறித் தமிழ்99 பழகினால், அந்த முதலீடு ஆயுள் முழுக்கப் பலன் தரும்.

இன்னொரு வழி குரல். கூகுள் 2017இல் தமிழைக் குரல்வழித் தட்டச்சுக்குக் கொண்டு வந்தபின், விரல் நடுங்கும் வயதிலிருப்பவரும் கட்டுரை ‘எழுத’ முடிகிறது. கூட்டமில்லாத நேரத்துத் தாம்பரம் வண்டியில் உட்கார்ந்து ஒரு பத்தியைச் சொல்லி முடித்துவிடலாம். முதல் வரைவுக்கு இதைப் போல உதவி கிடையாது. ஆனால் ஒற்று மிகுவதும் மிகாததும், எங்கே வாக்கியம் முடிகிறது என்பதும், பேச்சு வழக்கு எங்கே எழுத்து வழக்காக மாற வேண்டும் என்பதும் அதற்கு முழுதாகப் பிடிபடுவதில்லை. வட்டார வழக்கில் கதை எழுதுகிறவர் பாடு திண்டாட்டம்தான். சொல்லி முடித்ததை எழுதி முடித்ததாக நினைப்பதே இதில் உள்ள ஆபத்து.

அப்படியானால் திருத்தத்துக்குக் கருவியே இல்லையா? இருக்கிறது. நீச்சல்காரனின் ‘வாணி’ எழுத்துப்பிழையையும் ‘நாவி’ சந்திப்பிழையையும் காட்டுகின்றன. பேராசிரியர் ந. தெய்வசுந்தரத்தின் ‘மென்தமிழ்’ சொல்லாளரும் இருக்கிறது. தமிழில் ஒரு வினையடி ஆயிரக்கணக்கான வடிவம் எடுக்கும் என்பதை நினைத்தால் இவர்கள் செய்திருப்பது பெரிய காரியம். ஆனாலும் எல்லை உண்டு. ‘தந்த பலகை’ என்றால் யாரோ கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தில் செய்தது. இரண்டும் சரியான தமிழ். எது வேண்டும் என்பது எழுதியவருக்குத்தான் தெரியும். இப்போது வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்னும் ஒருபடி மேலே போய், கேட்காமலே நடையையும் மாற்றித் தருகின்றன. அவற்றின் கையில் சிக்கினால் குரோம்பேட்டைக் காய்கறிக்காரரும் மேடைப் பேச்சாளர் மாதிரி பேசத் தொடங்கிவிடுவார். கருவி பிழையைச் சுட்டிக்காட்டட்டும். மாற்றுவது எழுதியவர் கையில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, பிரதி எழுத்தாளர் கையைவிட்டுப் போனபின் விழுகிறது. நாம் ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டி அனுப்புகிறோம். ஒருங்குறியில் தமிழ் 1991 முதல் இருக்கிறது. தமிழ்நாடு அரசும் 2010இல் அதை ஏற்றது. ஆனால் நூலுக்குப் பக்கம் அமைக்கும் டிடிபி கடையின் பேஜ்மேக்கர் மென்பொருளுக்கு ஒருங்குறி தெரியாது. கோப்பை வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக் குறியேற்றத்துக்கு மாற்றுகிறார்கள். இந்திய மொழிகளைச் சேர்த்துக்கொண்ட இன்டிசைன் 2012இலேயே வந்துவிட்டாலும் பழைய பழக்கம் எளிதில் போவதில்லை. மாற்றிய கோப்பில்தான் மெய்ப்புப் பார்க்கிறோம், பத்தியை வெட்டுகிறோம், கடைசி நேரத்தில் ஒரு சொல்லைத் தேடிப் பிடித்துப் போடுகிறோம். புத்தகம் செம்மையாக வருகிறது. ஆனால் செம்மையான அந்தப் பிரதி இருப்பது கடைக் கணினியில், பழைய குறியேற்றத்தில். எழுத்தாளரின் மடிக்கணினியில் இருப்பது திருத்தப்படாத வரைவு.

சில ஆண்டு கழித்துக் கிண்டிலில் மின்னூல் போடலாம் என்று தோன்றும்போது வரைவே மின்னூலாகிறது. அல்லது கடைக் கோப்பைத் திரும்ப ஒருங்குறிக்கு மாற்றும்போது புதுப் பிழைகள் நுழைகின்றன. ‘ஔவையார்’ என்பதில் ‘ஔ’ ஓர் எழுத்து. பழைய குறியேற்றத்திலிருந்து மாற்றும்போது அது ‘ஒ’, ‘ள’ என்று இரண்டாக உடைவது வழக்கம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், தேடுபொறிக்குத் தெரியாது. ஔவையைத் தேடுகிற வாசகருக்கு அந்த நூல் அகப்படாமலே போகலாம்.

காக்கும் பழக்கமும் இப்படித்தான். முகநூல் பதிவாகவும் வாட்ஸப் செய்தியாகவும் எழுதுவதை வேறு எங்கும் நகல் எடுப்பதில்லை. கணக்கு முடங்கினால் எழுத்தும் போயிற்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. தரைத்தளத்தில் இருந்தால் காகிதம், கணினி என்று தண்ணீர் பேதம் பார்க்காது. ஒரு நகல் இணையத்திலும் இன்னொன்று வேறொரு வீட்டிலும் இருந்தால்தான் அது காப்பு. இன்னொன்று: பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கணினிப் பாகங்களும் விலைக்கு வருகின்றன.  நம் பழைய ஹார்டு டிஸ்க்கை வெறுமனே ‘டெலீட்’ செய்துவிட்டு விற்றால், உள்ளிருப்பதை மீட்டெடுக்க வழி உண்டு.

1950இல் மறைமலையடிகள் மறைந்தபின் அவர் சேர்த்த நூல்களைக் கொண்டு 1958இல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் அமைந்தது. அந்த நூல்கள் காகிதத்தில் இருந்ததால்தான் நிலைத்தன என்று முடிவுகட்டுவது தவறு. எத்தனையோ எழுத்தாளர்களின் காகிதம் கரையானுக்குப் போயிருக்கிறது. அவர் சேர்த்தார், ஒழுங்குபடுத்தினார், தம் நூல்களைத் தாமே திரும்பப் படித்துத் திருத்தினார். அந்த மூன்று வேலையையும் எந்த மென்பொருளும் நமக்காகச் செய்யாது. செய்கிறவருக்கு வேலையை எளிதாக்கும், அவ்வளவுதான்.

எனவே என் தீர்ப்பு இது. கணினியில் எழுதும் பழக்கம் தமிழ் எழுத்தாளருக்குத் தந்தது அதிகம். கெடுத்தது, நாம் கவனிக்காமல் விட்ட அளவுக்கு மட்டும். எந்த மென்பொருள் நல்லது என்ற வாதத்தைக் கொஞ்சம் ஒத்திவைக்கலாம். அடுத்த நூலுக்குப் பதிப்பாளரோடு ஒப்பந்தம் போடும்போது ஒரு வரி கூடுதலாகச் சேருங்கள்: அச்சுக்குப் போன இறுதிப் பிரதியை ஒருங்குறிக் கோப்பாக எழுத்தாளருக்குத் தர வேண்டும். கோப்பு வந்ததும் ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு, இரண்டு இடங்களில் நகல் வையுங்கள்.