இளநாய்க்கு எதிரே பெரிய பன்றி

பன்றி வேட்டைக்கு நாய் பழக்குகிறவர்களிடையே, அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து நியூசிலாந்து வரை, ஓயாத தர்க்கம் ஒன்று உண்டு: ஒரு வயதுகூட நிரம்பாத நாயை முதன்முதலில் எந்தப் பன்றியின் முன் விடுவது? சிறு பன்றியில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றவேண்டும் என்பது ஒரு கட்சி. நூறு கிலோவைத் தாண்டிய ஆண் பன்றியை அடைப்புக்குள் நிறுத்தி, எடுத்த எடுப்பிலேயே அதன் எதிரே விட்டுவிட வேண்டும் என்பது மறு கட்சி. இரண்டாவது கட்சியின் வாதத்தைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. காட்டில் எதிர்ப்படும் பன்றி நாயின் வயதைக் கேட்டுவிட்டு வருவதில்லை. சிறு பன்றிகளை விரட்டியே ருசி கண்ட நாய், எல்லாப் பன்றியும் ஓடும் என்று நம்பிவிடும். ஓடாமல் திரும்பி நிற்கும் முதல் பன்றியிடம் வயிறு கிழிந்து கிடக்கும். ஆகவே பயம் முதல் நாளே தெரிந்துவிடட்டும் என்கிறார்கள். நோக்கம் சரிதான். ஆனால் பெரிய பன்றியின் முன் விட்ட நாய் உண்மையில் எதைக் கற்றுக்கொள்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் அங்கே கற்பித்தலே நடப்பதில்லை, கழித்துக்கட்டல்தான் நடக்கிறது.

ஆண் பன்றியின் கீழ்த்தாடைக் கோரைப்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்பவை. மேல் கோரைப்பல்லோடு உரசி உரசி அவற்றின் விளிம்பு எப்போதும் தீட்டியபடியே இருக்கும். பன்றி நேராகக் கடிக்க வருவதைவிட, தலையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் மேல்நோக்கி ஒரு வீச்சு வீசுவதுதான் ஆபத்து. நாயின் கழுத்தும் மார்பும் தொடையின் உட்புறமும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. பதிலுக்கு நாய் தோளில் கவ்வினால் பயனில்லை, முதிர்ந்த ஆண் பன்றிக்கு அங்கே கேடயம்போல் தடித்த திசு படர்ந்திருக்கும். இந்த உடலமைப்புக்கு எதிரே நாய்க்கு வேண்டியது வீரத்தைவிடத் தூரக் கணக்கு. முகத்துக்கு எதிரே சில எட்டு தள்ளி நின்று விடாமல் குரைக்க வேண்டும். பாய்ந்தால் விலக வேண்டும். திரும்பி நடக்கப் பார்த்தால் பின்னங்காலருகே போய்ச் சீண்டி மறுபடி நிறுத்த வேண்டும். இந்தக் கணக்கு சின்னச் சின்னத் தவறுகள் செய்து செய்துதான் உடம்பில் படியும். பெரிய பன்றியிடம் சின்னத் தவறு என்று ஒன்று கிடையாது. அரை எட்டு கூடுதலாக நெருங்கிய குட்டி ஒன்று சாகும், அல்லது பிழைத்து, பன்றி வாடை அடித்தாலே எஜமானின் காலடிக்குத் திரும்பிவிடும். தப்பித்து நின்ற நாயைக் காட்டி, "பெரிய பன்றிதான் இதை ஆளாக்கியது" என்பார்கள். அந்த நாய்க்கு விலகும் புத்தி முன்னமே இருந்திருக்கலாம், அன்றைக்கு அதிர்ஷ்டமும் இருந்திருக்கலாம். இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் தேறியிருக்கக்கூடிய நாய்கள் எத்தனை என்பதை இந்த முறையில் யாராலும் சொல்ல முடியாது; அவை கணக்கிலேயே வருவதில்லை.

இந்த ஆபத்தை உணர்ந்தவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி அதைவிட மோசம்: பன்றியின் கோரைப்பல்லை அறுத்துவிட்டு அடைப்பில் நிறுத்துவது. பன்றிக்கு இழைக்கப்படும் கொடுமை ஒருபுறம் இருக்கட்டும். பழக்குதல் என்ற ஒரே அளவுகோலை வைத்தாலும் இது தேறாது. இவ்வளவு பெரிய பன்றியின் வாய்க்கருகே போனால் ஓர் இடிதான் விழும், வேறொன்றும் ஆகாது என்ற பொய்யை நாய் மனப்பாடம் செய்துகொள்கிறது. பெரிய பன்றியால் கிடைக்கவேண்டிய ஒரே பாடமான எச்சரிக்கையை அறுத்தெறிந்துவிட்டு, அதன் பருமனை மட்டும் வைத்துக்கொண்டு என்ன பயன்? மூன்று நான்கு நாய்களை ஒன்றாக அவிழ்த்துவிடுவதும் இந்த வகைதான். மூத்தவை காதைக் கவ்விக்கொண்டிருக்கும்போது சின்னதும் போய்த் தொற்றிக்கொள்ளும்; தனியே விட்டால் அந்தத் தைரியம் இருக்காது.

அப்படியானால் பெரிய பன்றியே கூடாதா? ஜெர்மனியின் பழக்கம் இங்கே என்னை நிதானிக்க வைக்கிறது. அங்கே காட்டுப்பன்றிகளை வைத்துப் பராமரிக்கும் பயிற்சி அடைப்புகள் உண்டு. மரங்களும் புதர்களுமாகக் காட்டைப்போலவே இருக்கும் அடைப்பில், நாய்க்குப் பழகிய பன்றியிடம் இளநாயைப் பொறுப்பாளர் பார்வையில் சில நிமிடங்கள் வேலை செய்ய விடுகிறார்கள். கவ்வப் பாயும் நாயை அங்கே மெச்சுவதில்லை, கூப்பிட்டுக் கட்டிவிடுவார்கள். 1972-இல் இயற்றப்பட்ட அந்நாட்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம், உயிருள்ள இன்னொரு விலங்கைக் கொண்டு ஒரு விலங்கின் மூர்க்கத்தைப் பழக்குவதையும் சோதிப்பதையும் தடை செய்கிறது. அடைப்புகள் நிலைத்திருப்பதே இந்தக் கோட்டைத் தாண்டாமல் இருப்பதால்தான். பதற்றமில்லாத, தன் பலம் தெரிந்த பெரிய பன்றி நாயைக் கண்டு ஓடாது; இரண்டு அடி எடுத்துவைத்து உறுமும், அவ்வளவுதான். நாய் பின்வாங்கி, யோசித்து, மறுபடி வந்து குரைக்கும். சிறு பன்றியிடம் கிடைக்காத மரியாதை இப்படித்தான் வருகிறது. எனவே பன்றியின் எடையைவிட, அதற்கு ஒதுங்க இடமிருக்கிறதா, நாய்க்குத் திரும்பிவர வழியிருக்கிறதா, நடுவில் நிறுத்தத் தெரிந்த மனிதர் நிற்கிறாரா என்பவைதான் முடிவு செய்கின்றன. அமெரிக்கர்களுக்கும் இது தெரியாததல்ல. லூசியானாவின் வின்ஃபீல்டில் 1995 முதல் நடந்துவரும் அங்கிள் ஏர்ல் பன்றி நாய்ப் போட்டியில் மதிப்பெண், பன்றியை நிறுத்தி வைத்துக் குரைக்கும் திறமைக்குத்தான். கடாஹூலா நாயை 1979-இல் மாநில நாயாக அறிவித்த ஊர்க்காரர்களுக்குக் குரைப்பின் அருமை தெரியும்.

பன்றிப் பெருக்கத்தைச் சொல்லி அவசரப்படுத்துகிறவர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். ஜெர்மனியில் 2019-20 வேட்டைப் பருவத்தில் சுட்ட காட்டுப்பன்றிகள் ஏறத்தாழ 8,82,000; அடுத்த செப்டம்பரில் பிராண்டன்பர்க்கில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலும் தென்பட்டது. நாய்கள் நிறைய வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் நாய் பற்றாக்குறையாக இருக்கிற இடத்தில் பலவற்றைக் கழித்துத் தள்ளும் முறை எப்படிச் சிக்கனமாகும்? கத்தி இறங்காத மார்புக் கவசம் இப்போது கிடைக்கிறதே என்றால், அது காயத்தைக் குறைக்கும், தொடையின் உட்புறத்தை மூடாது, புத்தியையும் கொடுக்காது. நோயின் கதை வேறு. அமெரிக்கக் காட்டுப்பன்றிகளிடையே உள்ள பொய் ரேபிஸ் நாய்க்குத் தொற்றினால் சிகிச்சையில்லை, சில நாளில் சாவு. ஆஸ்திரேலியாவில் பன்றி நாய்களிடம் புரூசெல்லா தொற்று கண்டறியப்பட்டிருக்கிறது, அது மனிதருக்கும் வரும். காட்டிலிருந்து பிடித்துவந்த பெரிய பன்றியைப் பரிசோதிக்காமல் அடைப்பில் விட்டு ஊர் நாய்களையெல்லாம் வரிசையாக அதன் வாயருகே அனுப்புகிறவர்கள், கோரைப்பல்லை மட்டுமே பார்க்கிறார்கள்.

நல்ல அடைப்புக்கும் ஒரு குறை உண்டு. அங்கே பன்றி எங்கே இருக்கிறது என்று நாய் தேடவேண்டியதில்லை. நாலு முறை போனால் வேலிக்குள் வாலாட்டிக்கொண்டு ஓடும். ஈரத் தழைகளுக்கு நடுவே பழைய தடத்தையும் புதிய தடத்தையும் பிரித்தறிவதை முதிர்ந்த நாயின் பின்னால் பல பருவம் அலைந்துதான் இளநாய் படிக்கும். முதிர்ந்த நாய் பன்றியை நிறுத்திக் குரைக்கும்வரை இளையதைக் கயிற்றிலேயே வைத்திருந்து, பிறகு அவிழ்த்துவிடுகிற பழைய முறைக்கு, வீட்டில் முதிர்ந்த நாய் ஒன்று இருந்தாக வேண்டும். புதிதாக வேட்டைக்கு வருகிறவர்களிடம் அது இருப்பதில்லை. அவர்களிடம் இருப்பது பத்து மாத நாயும் விடுமுறை நாட்களும்தான். பெரிய பன்றி அடைப்புகளுக்குக் கூட்டம் சேர்வது பெரும்பாலும் இந்த இல்லாமையால்; பிறகுதான் அதற்கு வீரம், சோதனை என்று காரணங்கள் சேர்கின்றன.