நிறமாலையும் நிறைகோலும்

கத்தியின்றிக் குருதி சிந்தாது, உயிருள்ள மூளையினுள் எப்பொருள் எத்துணை உளதென அறிய முயல்வது காந்தப் பரிவு நிறமாலையியல். அத்துறையினர் அடிக்கடி நாடும் கட்டுரை, வரணவாசி கோவிந்தராஜு, யங், மௌட்ஸ்லி ஆகிய மூவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட அட்டவணைத் தொகுப்பாகும். அதன் பெருமையையும் எல்லையையும் ஈண்டு ஆராய்வாம்.

ஒரே காந்தப்புலத்தில் நிற்பினும், ஐதரசன் கருக்கள் தாம் சார்ந்த மூலக்கூற்றின் அமைப்புக்கேற்பச் சிறிதே வேறுபட்ட அதிர்வெண்களிற் குறிப்புத் தருகின்றன. பத்திலட்சத்தில் ஒரு பங்கு என்னும் அலகில், என்-அசற்றைல் அசுபாத்தேற்று 2.0 அளவிலும், கிரியேற்றின் 3.0 அளவிலும், கோலின் சேர்வைகள் 3.2 அளவிலும் முகடு காட்டும். நீரின் குறிப்போ இவற்றினும் பல்லாயிர மடங்கு வலிது. அதனை முதலில் அடக்கியாக வேண்டும். குளூட்டமேற்றும் குளூட்டமீனும் ஒன்றன்மேலொன்று படிந்து மயக்கும். இம்மயக்கந் தீர, 35 பொருள்களின் முகட்டிடங்களையும் பிணைப்பு மாறிலிகளையும் ஒருங்கே தொகுத்தமை அம்மூவரின் அருந்தொண்டு. 2015இல் தம் அட்டவணைக்குத் தாமே திருத்தமும் வெளியிட்டனர். அறிஞர்க்கு அழகு அதுவே.

ஆயினும் அவ்வெண்கள் உடலின் வெப்பநிலையையும் அமிலகார நிலையையும் ஒத்த கரைசல்களிற் பெறப்பட்டவை. ஒரு பொருள் எங்கே தோன்றும் என்பதை அவை கூறும். எவ்வளவு உண்டென்பதைக் கூறா. அகராதி சொல்லின் பொருளைத் தருமேயன்றி, ஒரு நூலில் அச்சொல் எத்தனை முறை வந்ததென உரையாதன்றோ!

அளவு கூற ஓர் ஒப்பீடு வேண்டும். பலர் கிரியேற்றினை மாறாததெனக் கொண்டு, ஏனையவற்றை அதனால் வகுத்து விகிதமாக எழுதுவர். குறை இங்கேதான் உளது. 1994இல் ஸ்டொக்லரும் உடனாய்வாளரும் ஜெர்மனியில் ஒரு குழந்தையின் மூளையிற் கிரியேற்றின் முகடு இல்லாமையைக் கண்டனர்; அப்பொருளை வாய்வழி ஊட்ட, குழந்தையின் நிலை சீருற்றது. விகிதத்தை மட்டும் நம்பியிருப்பின், குறைந்த பொருளை விடுத்து, மற்றவை மிகுந்தனவென மயங்க நேர்ந்திருக்கும். சிகிச்சையும் வழிதவறியிருக்கும்.

நம் கலஹாத் தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்து நிறுக்கையில், சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிக்கப்பட்டதென அறியாது தராசின் எண்ணை ஏற்கத் தொழிலாளர் மனம் இசையாது. அறிவியல் பயிலும் மாணவர்க்கும் அவ்விழிப்பு வேண்டும். எதனோடு ஒப்பிட்டனர், அவ்வொப்புப் பொருள் நோயிலும் மாறாதிருந்ததா என்று வினவிய பின்னரே அளவை ஏற்றல் தகும். அவ்வினாவோடு கற்பார்க்கு இவ்வட்டவணை இணையற்ற துணையாம்.