சிவப்பு மழையும் கதை சொல்கிறவர்களும்

ஆச்சரியங்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்தே ஒரு புஸ்தகம் எழுதிவிட முடியும் என்று காட்டியவர் சார்லஸ் ஃபோர்ட் என்ற அமெரிக்கர். அவருடைய ‘சபிக்கப்பட்டவற்றின் புஸ்தகம்’ 1919-ல் வெளிவந்தது. விஞ்ஞானம் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்ட செய்திகளைத்தான் அவர் சபிக்கப்பட்டவை என்கிறார். சிவப்பு மழை, கறுப்பு மழை, மீன் மழை, தவளை மழை என்று பக்கம் பக்கமாக வருகின்றன. நூல்நிலையங்களில் வருஷக்கணக்காக உட்கார்ந்து, பழைய சஞ்சிகைகளிலிருந்து துண்டுச் சீட்டுகளில் குறித்துக்கொண்டவை. ஃபோர்ட் நாவலாசிரியரும்கூட. அவருடைய நாவல்களில் அச்சேறியது ஒன்றுதான், அதுவும் விலைபோகவில்லை. இந்தப் புஸ்தகம் வெளிவரப் பிடிவாதமாக நின்றவர் தியோடர் டிரைஸர் என்ற பெரிய நாவலாசிரியர்.

டிரைஸருக்கு இது ஏன் பிடித்தது என்பது புரிகிறது. பூமிக்கு மேலே ஆகாயத்தில் ஒரு கடல் இருக்கிறது, அதிலிருந்துதான் இவையெல்லாம் விழுகின்றன என்று ஃபோர்ட் சொல்கிறபோது கற்பனைக்கு இறக்கை முளைக்கிறது. அவரே அதைப் பாதி விளையாட்டாகத்தான் சொல்கிறார். ஆனால் நூறு பக்கம் தாண்டியதும் எனக்கு அலுப்புத் தட்டியது. காரணம் நம்பிக்கையின்மை அல்ல. மழை விழுந்த ஊர் எப்படிப்பட்டது, எந்தச் சுவரில் கறை இருந்தது, எதில் இல்லை என்று ஃபோர்ட் கேட்பதில்லை. ஒரு ஆச்சரியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்ததற்குத் தாவிவிடுகிறார். பாத்திரங்களை அறிமுகப்படுத்திக்கொண்டே போய், ஒருவரையும் பேசவிடாத நாவல் மாதிரி இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான மனிதர் ஒருவர், ஃபோர்டுக்கு முந்நூறு வருஷத்துக்கு முன்பே இருந்தார். 1608-ம் வருஷம் ஜூலை மாதம், பிரான்ஸில் எக்ஸ் நகரத்தைச் சுற்றி ரத்த மழை பெய்துவிட்டது என்று ஜனங்கள் நடுங்கினார்கள். சுவர்களில் சிவப்புத் துளிகள். சாத்தானின் வேலை என்றார்கள் சிலர். அந்த ஊர்க்காரரான பெய்ரெஸ்க் என்ற அறிஞர் போய்ப் பார்த்தார். அவர் பெட்டியில் வைத்திருந்த ஒரு கூட்டுப்புழு வண்ணத்துப்பூச்சியாக வெளிவந்தபோது, அடியில் சிவப்பாக ஒரு துளியை விட்டுவிட்டுப் போயிருந்தது. அந்த மாதம் ஊரைச் சுற்றி வண்ணத்துப்பூச்சிகள் ஏராளம். அதோடு அவர் விடவில்லை. துளிகள் கூரை ஓடுகளின்மேல் இல்லை. மழையே எட்டாத இடுக்குகளிலும் பொந்துகளிலும் இருந்தன. வானத்திலிருந்து விழுகிற ரத்தம் கூரையை விட்டுவிட்டு இடுக்கைத் தேடிப் போகுமா? ஜனங்களின் கதை அந்த ஒரு கேள்வியிலேயே உடைந்துவிட்டது. விமர்சனம் என்றால் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நமக்குப் பக்கத்திலேயே இதைப் பரீட்சித்துப் பார்க்க ஒரு சந்தர்ப்பம் வந்தது. 2001 ஜூலை 25-ல் தொடங்கி செப்டம்பர் கடைசி வாரம் வரை, கேரளத்தில், முக்கியமாகக் கோட்டயம், இடுக்கி ஜில்லாக்களில், விட்டுவிட்டுச் சிவப்பு மழை பெய்தது. காய்கிற துணியில் சாயம் ஏறியது. முதல் மழைக்குமுன் பெரிய இடிச் சத்தமும் மின்னல் போன்ற ஒளியும் இருந்ததாகச் சங்கனாச்சேரிப் பக்கத்தார் சொன்னார்கள். திருவனந்தபுரம் பூமி விஞ்ஞான ஆய்வு மையம், விண்கல் வெடித்த தூசி என்று முதலில் அபிப்பிராயம் சொன்னது. சில நாளிலேயே அதை விலக்கிக்கொண்டது. விண்கல் தூசியானால் காற்று அடித்துக்கொண்டு போயிருக்குமே, நாள் கணக்கில் அதே வட்டாரத்தில் எப்படி விழும் என்ற கேள்வி அவர்களுக்கே எழுந்துவிட்டது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் துகள்கள் ஏதோ செடிகொடி வர்க்கத்தின் வித்தணுக்கள் மாதிரி இருந்தன. பாலோட்டிலுள்ள தாவரத் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தில் அவற்றை வளர்த்துப் பார்த்தார்கள். டிரெண்டிபோலியா என்ற பாசி முளைத்தது. இனத்தால் பச்சைப் பாசி. நிறத்தால் ஆரஞ்சுச் சிவப்பு. நம் மசாலாவில் சேரும் கல்பாசி ஜாதிப் படர்வுகளில், பூஞ்சையோடு கூட்டுக் குடித்தனம் நடத்துகிற பாசிகளில் இதுவும் ஒன்று. சங்கனாச்சேரி வட்டாரத்தில் மரம், பாறை, விளக்குக் கம்பம் எல்லாவற்றிலும் இந்தப் பாசி அப்பிக்கிடந்தது.

இத்தோடு கதை முடியவில்லை. கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காட்ஃப்ரே லூயிஸ், சந்தோஷ் குமார் என்ற இரு பௌதிக அறிஞர்கள் 2006-ல் வேறு கதை சொன்னார்கள். வால்நட்சத்திரத் துண்டு ஒன்று வானத்தில் சிதறியது. விழுந்தவை வேற்றுலகத்து உயிரணுக்களாக இருக்கலாம். விழுந்த துகள் மொத்தம் 50,000 கிலோ இருக்கும் என்று கணக்கிட்டார்கள். அவ்வளவு வித்தணுக்கள் மேகத்துக்குள் ஏறியது எப்படி என்பதை அரசாங்க அறிக்கை விளக்கவில்லை. அந்தக் குறையைச் சுட்டிக்காட்டியது நியாயம்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் எப்படி உள்ளே வந்தான் என்பது தெரியவில்லை என்பதற்காக, வந்தவன் பக்கத்து வீட்டுக்காரனே அல்ல, சந்திரனிலிருந்து வந்தவன் என்று சொல்வதை எந்த வாசகர் ஒப்புவார்? 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, டி.என்.ஏ.யை ஒப்பிட்டு அது டிரெண்டிபோலியாதான் என்றது. அதுவும் ஐரோப்பாவில், ஆஸ்திரியாவில் காணப்படுகிற ஒரு வகை. கடல் கடந்து மேகத்தில் வந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். வால்நட்சத்திரம் இல்லாமலே ஆச்சரியம் மிச்சமிருக்கிறது, பாருங்கள்.

உயிர் விண்வெளியிலிருந்து வந்தது என்று வாதாடியவர்களில் முக்கியமானவர் ஃப்ரெட் ஹாயில். சிவப்பு மழை பெய்துகொண்டிருந்த நாட்களில்தான், 2001 ஆகஸ்ட் 20-ல் அவர் காலமானார். அவர் நாவலாசிரியரும்கூட. 1957-ல் வந்த ‘கறுப்பு மேகம்’ நாவலில், அறிவுள்ள ஒரு மேகம் வானவெளியிலிருந்து சூரியனைத் தேடி வருகிறது. நடக்காத விஷயம், ஆனால் நாவலில் நம்பும்படி இருக்கிறது. மேகம் எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று வானசாஸ்திரிகள் கணக்குப் போட்டு, ஒருவரை ஒருவர் மறுத்து, படிப்படியாகத்தான் முடிவுக்கு வருகிறார்கள். அற்புதத்துக்கு உரிய விலையை ஹாயில் பக்கத்துக்குப் பக்கம் கொடுத்துவிடுகிறார்.

விஞ்ஞானம் எனக்குக் கல்லூரி வாசலோடு நின்றுபோன விஷயம். இந்தச் சர்ச்சையில் தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. ஆனால் கதை எனக்குத் தெரியும். தனக்கு அனுகூலமான சாட்சியை மட்டும் கூப்பிடுகிற கதை நிற்பதில்லை. ஒளியையும் இடியையும் கூப்பிட்டுவிட்டு, விளக்குக் கம்பத்திலுள்ள பாசியை வெளியே நிறுத்தினால் அது அரைக் கதை. பாசியைச் சொல்லிவிட்டு, அது மேகத்தில் ஏறிய வழியைச் சொல்லாதது முடியாத கதை. இரண்டில் முடியாத கதையே மேல். அதை இன்னொருவர் தொடர்ந்து எழுதலாம்.

வாசகர்களுக்கும் இதில் பங்கு உண்டு. சிவந்த மழை விழுந்த ஊர்க்காரருக்கு அது ஸ்வாரஸ்யமான பொழுதுபோக்கு அல்ல. கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா என்ற கவலை. அவருக்குக் கதை சொல்கிறவர் கூரையையும் பார்க்கவேண்டும், இடுக்கையும் பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்போது, ஒரு பாசியே போதுமான அற்புதமாக இருக்கும்.