திண்டிவனத்தில் மூன்று மாதம்

நான் டாக்டர் கிடையாது, சாஃப்ட்வேர்காரன். ஆனாலும் தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலைக் கல்வி விதிகளில் மாவட்ட ரெசிடென்சி பற்றிய பகுதியை மூன்று தடவை படித்துவிட்டேன். காரணம் சொந்தக் கதை.

சில வருஷத்துக்கு முன்னால் என் மாமா நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து விழுந்தார். தலையில் அடி. முதலில் தூக்கிப்போன இடத்தில் (பெயர் வேண்டாம்) ‘மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறது’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தார்கள். அடுத்த இடத்து டாக்டர் கேட்டார்: "நினைவு எப்போ தப்பிச்சு? என்ன ஊசி போட்டாங்க?" கூடவே வந்த எனக்கும் தெரியாது, சீட்டிலும் இல்லை. மாமா பிழைத்துவிட்டார். வலது கை மட்டும் இன்னும் சரியாக வரவில்லை. சீட்டுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறக்கவும் முடியவில்லை.

விதி 2020-ல் வந்தது. எம்.டி., எம்.எஸ். படிக்கிற எல்லோரும் 3, 4, 5-வது செமஸ்டர்களில் ஏதாவது ஒன்றில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் வேலை பார்க்க வேண்டும். நல்ல விதி. என் குறை, தோல் மருத்துவம் படிப்பவருக்கும் அவசர மருத்துவம் படிப்பவருக்கும் ஒரே அளவுச் சட்டை தைத்திருப்பதுதான்.

அவசர மருத்துவம் இந்தியாவில் தனித்துறையாக அங்கீகாரம் பெற்றதே 2009-ல்தான். அதைப் படிப்பவர் ஏற்கெனவே துறை துறையாகச் சுற்றுகிறார்: மூச்சுக்குழாய் போடப் பழக மயக்கவியல், பிறகு ஐ.சி.யூ., எலும்பு முறிவு, குழந்தைகள் பிரிவு என்று. எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குள்ளேயே. அங்கே அவர் சீட்டை வாங்குகிற ஆள். சீட்டை எழுதுகிற ஆளாக அவர் மாறுவது திண்டிவனம் மாதிரி ஊரில்தான்.

சென்னை-திருச்சி சாலையிலிருந்து புதுச்சேரி ரோடும் திருவண்ணாமலை ரோடும் பிரிகிற ஊர் அது. முண்டியம்பாக்கத்தில் 2010-ல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். தலையில் அடிபட்டவருக்கு மூச்சுக்குழாய் போட்டு அனுப்புவதா, நேரத்தை வீணாக்காமல் உடனே அனுப்புவதா? பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் எதுவரை ஏற்றிவிட்டு வண்டியில் ஏற்றுவது? ஐ.சி.யூ. பக்கத்து அறையில் இருக்கும்போது இந்தக் கேள்விகள் வருவதே இல்லை.

நான் எழுதின ப்ரோகிராம் ராத்திரி படுத்துக்கொண்டால் என்னைத்தான் எழுப்புவார்கள். ஒழுங்காக லாக் எழுத நான் கற்றுக்கொண்டது அப்படித்தான், வகுப்பில் இல்லை. இந்த மூன்று மாதத்திலும் அதே மாதிரி ஒன்று வேண்டும்: அனுப்பிய ஒவ்வொரு நோயாளியும் என்ன ஆனார் என்று பயிற்சி டாக்டர் மறுநாள் போன் செய்து கேட்டு, தன் லாக்புக்கில் எழுத வேண்டும். அதைக் கையெழுத்துப் போடும் பேராசிரியர் படிக்க வேண்டும். இதற்குக் கட்டடமும் வேண்டாம், டெண்டரும் வேண்டாம்.

"டூட்டிக்கு ஆள் கிடைப்பதே பெரிசு, இதுல போன் வேறயா" என்பார்கள். நியாயம்தான். ஆனால் ஆள் பற்றாக்குறைக்கு மட்டும்தான் அனுப்புகிறோம் என்றால் அதைப் பயிற்சி என்று அழைக்க வேண்டாமே.

இதே சாலையில் மேல்மருவத்தூரில்தான் 2021 டிசம்பரில் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் தொடங்கப்பட்டது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. மாமா விழுந்தபோது அது இல்லை, கடன்தான் வாங்கினோம். இப்போது பணத்துக்கு வழி இருக்கிறது. சீட்டு எழுதுவது இன்னமும் அந்தந்த டாக்டரின் மனசைப் பொறுத்ததாகவே இருக்கிறது.