கொடியில் நிற்கும் கமுகு

சோழர்க்குப் புலி, பாண்டியர்க்குக் கயல், சேரர்க்கு வில் என மூவேந்தர் கொடிகளையும் நம் மாணவர் தொடக்கப்பள்ளியிலேயே மனத்திற் கொள்கின்றனர். தாம் வாழும் பினாங்கு மாநிலத்தின் கொடியிலுள்ள மரம் யாதென வினவினால் மட்டும், பெரும்பாலார் தென்னை என்றே விடையிறுக்கின்றனர். வரையச் சொன்னால் குலைகுலையாய்த் தேங்காயும் தொங்கவிடுகின்றனர்! பிழை மாணவருடையதா, கொடியினுடையதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

வெளிர்நீலம், வெண்மை, மஞ்சள் என நெடுக நிற்கும் மூன்று பட்டைகள். நடுவணுள்ள வெண்பட்டையில் புல்மேட்டின்மேல் ஒரு கமுகு. நீலம் தீவைச் சூழ்ந்த கடலையும், வெண்மை மாநிலத்தின் அமைதியையும், மஞ்சள் வளத்தையும் குறிப்பன. மலாய் மொழியில் பினாங் என்பது பாக்கு. ஆகவே, மாநிலத்தின் பெயரை எழுத்தின்றி உணர்த்துகிறது இம்மரம். இதனினும் பொருந்திய சின்னம் வேறில்லை என்பது என் கருத்து.

இதற்கு முன் இங்குப் பறந்தவற்றை எண்ணினால் இதன் அருமை விளங்கும். 1786 ஆகஸ்டு 11இல் பிரான்சிஸ் லைட் ஆங்கிலக் கொடியை ஏற்றி, வேல்ஸ் இளவரசர் தீவு எனப் பெயரும் சூட்டினார். பின்னர் வந்த நீரிணைக் குடியேற்றங்களின் கொடியில் மூன்று மணிமுடிகள் இருந்தன. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றுக்கும் முடி ஒன்றுபோலவே. ஆள்வோர் தலையில் இருந்தது கொடியேறிற்று; இம்மண்ணில் முளைத்தது ஏறவில்லை. இளவரசர் பெயர் வழக்கொழிந்தது. பாக்கின் பெயர் நிலைத்தது.

கொடியில் மரம் என்பது தமிழர்க்குப் புதிதன்று. பலராமனைப் பனைக்கொடியோன் எனச் சங்கச் சான்றோர் போற்றினர். கமுகோ இன்னும் நெருக்கமானது. நம் இல்லங்களில் வெற்றிலை பாக்கு மாற்றியே மணம் உறுதி செய்கின்றோம். மலாய்க்காரர் பெண் கேட்பதை 'மெமினாங்' என்பர். அச்சொல்லும் பாக்கிலிருந்து பிறந்ததே. இரு வீட்டாரும் தம்முடையதெனக் கொள்ளத்தக்க மரம் இது.

பொருளிற் சிறந்த இக்கொடி வடிவிற் சோர்ந்துவிடுகிறது. காற்றற்ற நாளில் நடுப்பட்டை மடிந்து மரம் மறைகிறது. காற்று வீசினும், தொலைவிலிருந்து நோக்குவார்க்கு ஏதோ ஒரு மரமென்றே தோன்றும். 1965இல் கனடா ஏற்ற கொடியில் மேப்பிள் இலை ஒன்றே உளது. இயற்கையிலுள்ள நரம்புகளை நீக்கி, பதினொரு முனைகளோடு செதுக்கினாற்போல் அமைத்தனர். குழந்தையும் அதனை அறிந்துகொள்ளும். கமுகுக்கும் தனி அடையாளங்கள் உள: வளையத் தழும்பேறிய ஒல்லித்தண்டு, ஓலைக்குக் கீழே வழவழப்பான பசுங்கழுத்து. ஓவியர் இவற்றை மிகைப்படுத்திக் காட்டியிருப்பின் என் மாணவர் தேங்காய் வரைந்திரார்.

மற்றொரு குறையும் உண்டு. நீலம் தீவைச் சூழ்ந்த கடலெனின், 1800இல் கெடாவிடமிருந்து பெற்ற செபராங் பிறை எப்பட்டையில் அடங்கும்? 1985இல் திறக்கப்பெற்ற 13.5 கிலோமீட்டர்ப் பாலம் இரு கரைகளையும் இணைத்தது. மாநிலச் சின்னத்திலும் இடம்பெற்றது. கொடியோ தீவையே பேசுகிறது.

பெருநிலப் பகுதியிலிருந்து மாற்றலாகி வந்த மாணவி ஒருத்தி, "எங்கள் ஊர் இதில் எங்கே ஐயா?" என்று ஒருநாள் வினவினாள். மரத்தடியிலுள்ள புல்மேட்டைச் சுட்டினேன். "அது தீவுதானே ஐயா?" என்றாள்.